வாயில் விழுந்த மண்

வெர்னா ஸ்டாம்பருக்குச் சந்தேகம் என்பது காலைக் காபி மாதிரி. உள்ளே இறங்கினால்தான் அன்றைக்கு வேலை ஓடும். தீவன அறைக்கு ஒரு பூட்டு போதும் என்று அந்தக் குதிரைப் பந்தய மைதானத்து லாயக்காரர்கள் எல்லாரும் நினைத்தார்கள். வெர்னா இரண்டு போட்டிருந்தாள். பூட்டிவிட்டு நாலு அடி நடப்பாள், திரும்பி வருவாள், இரண்டையும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். அப்புறம்தான் போவாள். பக்கத்து லாயத்து டிரெய்னர் ஹாய்ட் பிரம்மெட் இதைப் பார்க்கும்போதெல்லாம், "உள்ள என்ன வெர்னா இருக்கு, ஓட்ஸா? இல்ல உன் தாத்தா காய்ச்சி வெச்ச விஸ்கியா?" என்பான். வெர்னா பதில் சொல்ல மாட்டாள். எதற்குக் கேட்கிறான் என்பதை மட்டும் மனசில் முடிந்துவைத்துக்கொள்வாள்.

அவளை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஹாய்ட் அவளிடமிருந்து ஒரு குதிரையைக் கொண்டுபோனான். திருட்டு இல்லை, சட்டப்படிதான். கிளெய்மிங் பந்தயம் என்று ஒன்று உண்டு. அதில் ஓடுகிற குதிரை ஒவ்வொன்றும் விலைக்கு நிற்கிற குதிரை. வேறொரு டிரெய்னர் பந்தயத்துக்கு முன்பே சீட்டில் அதன் பெயரை எழுதி, பணத்தைக் கட்டி, பெட்டிக்குள் போட்டுவிட்டால், ஓட்டம் முடிந்ததும் குதிரை அவருடையது. ஜெயித்தாலும் சரி, நொண்டினாலும் சரி. வெர்னாவின் அந்தக் குதிரைக்கு முழங்காலில் வீக்கம் என்று மைதானம் பூராவும் நம்பியிருந்தது. வீக்கம் வடிந்துவிட்டது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி வெர்னா. இன்னொருத்தன் அப்போது அவளிடம் வேலை பார்த்தவன். அந்தப் புண்ணியவான் இரண்டு பியருக்கு அதை ஹாய்டிடம் கக்கிவிட்டான். குதிரை போனது. போய், அடுத்த மூன்று பந்தயமும் ஹாய்ட் பெயரில் ஜெயித்தது. இரண்டாவது பூட்டு அன்றைக்கு வாங்கியதுதான்.

இப்போது அவளிடம் நாலு குதிரைகள், லாயத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தடுப்பறை, பெட்டி என்பார்கள். மூன்று அடுத்தவர்களுடையவை, மூன்றும் தின்பதில் மட்டும் சுறுசுறுப்பு. நாலாவது அவளுடைய சொந்தக் குதிரை, பட்டன். பந்தய ஏட்டில் பெயர் 'பட்டன் ஜார்'. நெற்றியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம், அதனால் அந்தப் பெயர். தாய்க் குதிரை பிரசவத்தில் போய்விட, இவளை வெர்னா தன் கையால் இழுத்து வெளியே எடுத்து, ஐந்து மாதம் புட்டிப் பால் கொடுத்து வளர்த்தாள். கல்யாணமும் பண்ணிக்கொள்ளாமல் பிள்ளையும் பெறாமல் அறுபதைத் தொட்டவளுக்கு, பாலைக் கரைத்துக் கை காய்த்துப்போனது ஒரு குதிரைக்காக. கேட்டால், "அது வெறும் மிருகம்" என்பாள். முகத்தைப் பார்த்தால் பொய் என்று தெரிந்துவிடும்.

பட்டன் குளிர்காலக் குதிரை. குளிர்காலப் பந்தயம் நடக்கிற நதிக்கரை மைதானத்தில் ரப்பர் தளம். மணலோடு மெழுகும் நாரும் ரப்பர் துணுக்கும் கலந்து போட்ட தரை, மழையோ பனியோ எதுவும் அதை அசைக்காது. அதில் ஆறு தடவை ஓடி நாலு தடவை ஜெயித்தாள். ஆனால் மார்ச் முடிந்தால் அந்த மைதானத்தை மூடிவிடுவார்கள். ஏப்ரலில் எல்லாரும் இங்கே வரவேண்டும். இங்கே மண் தளம்.

மண்ணில் பட்டன் ஒரே ஒரு தடவைதான் ஓடியிருந்தாள், மூன்று வயதில். அவள் பின்னால் பதுங்கியிருந்து கடைசியில் பாய்கிற ஜாதி. ரப்பர் தளத்தில் அது சௌகரியம், முன்னால் போகிற குதிரைகளின் காலிலிருந்து பெரிதாக ஒன்றும் பறக்காது. மண்ணில் அப்படியா? பத்துக் குதிரைகளின் நாற்பது குளம்பும் கட்டி கட்டியாக அள்ளிப் பின்னால் வீசும். முதல் கட்டி மூஞ்சியில் அடித்ததும் பட்டன் தலையை வானத்துக்குத் தூக்கினாள். அதற்குப் பிறகு அவள் ஓடியது ஓட்டமே இல்லை. இருபத்தைந்து குதிரை நீளம் பின்னால், கடைசியாக வந்தாள். அந்த இருபத்தைந்து ஏட்டில் அச்சாகிவிட்டது.

இந்த வசந்தத்தில் லாயங்களை ஒதுக்குகிற அதிகாரி வெர்னாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஓடற குதிரைக்குத்தான் இங்க இடம், வெர்னா. நீ நாலு பெட்டியை அடைச்சுக்கிட்டு இருக்க. மே மாசத்துக்குள்ள ஒரு ஜெயிப்பைக் காட்டு. இல்லேன்னா காலி பண்ணிக் குடு."

நாலில் ஜெயிக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். பட்டனுக்குப் பொருந்துகிற பந்தயம் என்று அந்த மாதத்து அட்டவணையில் இருந்ததும் ஒன்றே ஒன்றுதான், அது கிளெய்மிங் பந்தயம். வெர்னா மூன்று நாள் யோசித்தாள். பிறகு அவளுக்கு ஒரு தந்திரம் தோன்றியது. மண்ணில் இருபத்தைந்து நீளம் தோற்ற குதிரைக்கு எந்த மடையன் சீட்டு எழுதுவான்? அந்தப் பழைய தோல்வியையே வேலியாக வைத்துக்கொள்ளலாம். ஜெயிக்கவும் வேண்டும், ஜெயிக்கப்போகிறாள் என்று ஒரு ஈ காக்கைக்கும் தெரியவும் கூடாது. பெயரைக் கொடுத்தாள். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை.

அன்றிலிருந்து அவளுடைய சந்தேகத்துக்கு நல்ல தீனி கிடைத்தது.

காலைப் பயிற்சியில் பட்டனை வேறு குதிரையோடு சேர்த்து ஓடவே விடவில்லை. கடிகாரமும் கையுமாக வேலியோரம் நிற்கிறவர்கள் எதையாவது பார்த்துத் தொலைப்பார்களே. வாகனம் வந்து மண்ணைக் கிளறிச் சமன் செய்துவிட்டுப் போனதும், கூட்டம் வருவதற்கு முன்னால் தனியாக ஒரு சுற்று. ஜாக்கி பெரின் மட்டும் மேலே.

முதல் வாரம் பாவமாக இருந்தது. ரப்பரில் குளம்பு வைத்த இடத்தில் நின்றுவிடும். மண்ணில் ஒரு விரற்கடை வழுக்கிவிட்டுத்தான் பிடிக்கும். அந்த வழுக்கலை நம்பாமல் பட்டன் குட்டிக் குட்டி எட்டாக வைத்தாள். பின்தொடை இறுகிப்போனது. கணுக்காலின் பின்பக்கம் மணல் உரசித் தோல் சிவந்தது. குதிரைக்காரன் நிக் தினமும் அதற்கு மருந்து தடவித் துணிக்கட்டு போட்டான். இரண்டாவது வாரம் அவளுக்குச் சூட்சுமம் பிடிபட்டது. வழுக்கலோடு போய்ப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தாள்.

"காலு கத்துக்கிச்சு வெர்னா," என்றான் பெரின், இறங்கும்போது. "மூஞ்சி கத்துக்கிச்சான்னுதான் தெரியல. ஒரு தடவையாவது இன்னொரு குதிரைக்குப் பின்னால வெச்சுப் பாக்கலாமே?"

"பாக்கறவன் எல்லாம் பாத்துட்டுப் போகட்டும்னா?"

"அப்ப பந்தயத்துல அடி வாங்கும்போது பாத்துக்கறதா?"

"உன் வேலையைப் பாரு."

நிக் என்கிற நிகானோர் இரண்டு வருஷமாக அவளிடம் இருக்கிற குதிரைக்காரன். குவாத்தமாலாவின் மலைப் பக்கத்து ஆள், நாற்பத்தைந்து வயசு. கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம், பேசவே மாட்டான். வெர்னாவுக்கு அதுவே உறுத்தல். பேசுகிறவன் என்றால் எதை உளறினான் என்றாவது தெரியும். பேசாதவனை என்ன செய்வது?

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பட்டனின் தண்ணீர் வாளியைக் கொட்டப்போன வெர்னா, அடியில் மண் படிந்திருப்பதைப் பார்த்தாள். விரலை விட்டுத் துழாவி எடுத்தாள். லாயத்துத் தரைமண் கறுப்பு. இது பழுப்பு, நைசாகச் சலித்தது, ஓடுதளத்து மண். அடுத்த நாள் தீவனத் தொட்டியின் மூலையிலும் அதே மண். மண் குதிரையின் குடலில் இறங்கினால் வயிற்றுவலி வந்து படுத்துவிடும். படுத்தால் பந்தயமும் இல்லை, பெட்டியும் இல்லை. சில சமயம் குதிரையும் இல்லை.

"நிக், தண்ணில மண்ணு எப்படி வந்துச்சு?"

நிக் தரையைப் பார்த்தான். "காத்து, பாஸ்."

"காத்தா?"

"ஆமா, பாஸ். பலமா அடிச்சுது."

அந்த வாரம் முழுக்க ஒரு இலைகூட அசையவில்லை. லாயத்துக்கு வெளியே டாக்வுட் மரத்தில் பூ உதிராமல் அப்படியே நின்றது. வெர்னா அதை ஒரு தடவை பார்த்தாள், நிக்கை ஒரு தடவை பார்த்தாள். பெட்டி மூலையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பெப்பர்மிண்ட் மிட்டாய்க் காகிதங்கள் ஒரு குப்பல் ஒதுங்கிக் கிடந்தன. இந்த ஆள் இப்படித் தின்றால் பல்லெல்லாம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டே பெருக்கித் தள்ளினாள்.

பந்தய வாரத்துத் திங்கட்கிழமை காலை மைதானத்துக் கான்டீனில் இன்னொன்றைப் பார்த்தாள். ஹாய்ட் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் நிக்குக்கு எதிரே உட்கார்ந்தான். ரொட்டியைக் குழம்பில் தொட்டுத் தின்றபடி சிரித்துச் சிரித்துப் பேசினான். எழுந்திருக்கும்போது நிக்கின் தோளில் தட்டிவிட்டுப் போனான். வெர்னா பாதி முட்டையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

லாயத்துக்கு வந்ததும் கேட்டாள். "ஹாய்ட் என்ன கேட்டான்?"

"பட்டன் எப்படி இருக்கான்னு, பாஸ்."

"நீ என்ன சொன்ன?"

"சாப்பிடறா, தூங்கறான்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், பாஸ்."

அவ்வளவுதான் என்ற அந்த ஒரு சொல் அவளை இரண்டு நாள் அரித்தது. அவ்வளவுதான் என்று எவன் சொன்னாலும் அதற்குப் பின்னால் அவ்வளவு இருக்கிறது என்றுதான் அவள் அர்த்தம் எடுத்துக்கொள்வாள்.

புதன்கிழமை, பந்தயத்துக்கு மூன்று நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் லாயம் அடங்கிவிடும். ஆட்கள் மாடி அறைகளில் படுத்திருப்பார்கள், குதிரைகள் நின்றபடியே தூங்கும். ஊருக்குள் போகிறேன் என்று நிக்கிடம் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்து, ஒரு வளைவு தாண்டி நிறுத்திவிட்டு, வெர்னா நடந்து திரும்பினாள். பட்டனின் பெட்டிக்கு எதிரே வைக்கோல் அடுக்கிய காலிப் பெட்டி. உள்ளே போய்க் குந்திக்கொண்டாள். இந்த வயசில் இப்படி ஒளிந்து உட்கார்ந்திருக்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. முழங்கால் வேறு விண்விண் என்றது.

நிக் வந்தான், கையில் ஒரு வாளியோடு. அவளுக்கு அவனுடைய முதுகுதான் தெரிந்தது. பட்டன் கதவுக்கு மேலே கழுத்தை நீட்டினாள். நிக் வாளிக்குள் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, நேராக அவள் மூஞ்சியில் அடித்தான்.

மண். நெற்றியில், கண்ணில், மூக்கில் பட்டுப் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. பட்டன் நகரவில்லை. நிக் இடது கையை முன்னால் கொண்டுபோய் என்னவோ செய்தான். மறுபடி ஒரு பிடி, மறுபடி மூஞ்சியில்.

வெர்னா வைக்கோலைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

"அடப்பாவி! கையைக் கீழ போடுடா!"

நிக் திடுக்கிட்டுத் திரும்பினான். வாளி உருண்டது. "பாஸ், நான் சொல்றதைக்—"

"என்னடா சொல்லப்போற? காத்து அடிச்சுதுன்னா? பத்து நாளா என் குதிரை மூஞ்சில மண்ணை வாரி அடிச்சிருக்க, பத்து நாளா! தலையைக்கூட ஆட்டாம மரமா நிக்கிறாளே, அவளை என்ன பண்ணி வெச்சிருக்க?"

"பாஸ், ஒரே நிமிஷம். அவளுக்காகத்தான்—"

"எவன் சொல்லிக் குடுத்தான்? ஹாய்டா? எவ்வளவு தரேன்னான்? சோறு போட்ட என் வாயில மண்ணைப் போடத்தான் ரெண்டு வருஷமா கூட இருந்தியா?"

அவள் குரல் கூரைத் தகரத்தில் முட்டித் திரும்பியது. தூங்கிக்கொண்டிருந்த குதிரைகள் எல்லாம் கழுத்தை வெளியே நீட்டின. நடைபாதைக் கோடியில் ஹாய்ட் காபிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"என்ன வெர்னா, வீடு பத்திக்கிச்சா?"

"உன் ஆளை நீயே கூட்டிக்கிட்டுப் போ!"

"என் ஆளா? எங்கிட்ட எப்ப வந்தாரு இவரு?" ஹாய்ட் சிரித்தான். ஆனால் அவன் கண் நிக்கிடமும் இல்லை, அவளிடமும் இல்லை. முகமெல்லாம் பழுப்பு மண்ணோடு, காதை முன்னால் நிமிர்த்தி, இன்னும் எதற்கோ காத்துக்கொண்டு நின்ற பட்டனையே பார்த்தான். பிறகு காபியை உறிஞ்சியபடி போய்விட்டான்.

நிக் அதற்குப் பிறகு வாதாடவில்லை. பிரஷ்ஷைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். குளம்பு சுரண்டுகிற கொக்கியை அதன் ஆணியில் மாட்டினான். பட்டனின் கண்ணோரத்து மண்ணைச் சட்டைக் கையால் மெதுவாகத் துடைத்தான். தன் ரேடியோவை எடுத்துக்கொண்டு வெர்னாவைத் தாண்டும்போது நின்றான்.

"சனிக்கிழமை அவளைப் பின்னாலயே வெச்சு ஓட்டச் சொல்லுங்க, பாஸ். பயப்படாம விடச் சொல்லுங்க."

"போடா வெளில."

போனான். வேலை போனால் மாடி அறையும் போய்விடும், அது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். பொழுது சாய்வதற்குள் வேறு டிரெய்னர் யாராவது கையெழுத்துப் போட்டால்தான் அந்த ஆளுக்குப் படுக்க இடம். வெர்னாவுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

வியாழன் காலை நிக் ஹாய்டின் லாயத்தில் வாளி தூக்கிக்கொண்டிருந்தான். வெர்னா அதைப் பார்த்து, "நெனச்சேன், நெனச்சேன்" என்று இரண்டு தடவை சொன்னாள். கேட்க ஆள் இல்லாததால் பட்டனிடம்தான் சொன்னாள். சந்தேகம் சரியாகப் போனதில் ஒரு திருப்தி வருமே, அதுகூட வந்தது. வெட்கக்கேடு.

கால்நடை மருத்துவர் வந்து பட்டனின் வயிற்றைத் தட்டிப் பார்த்து, காது வைத்துக் கேட்டு, ஒன்றுமில்லை என்றார். ரத்தமும் எடுத்துப் பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை.

"நல்லாப் பாத்தீங்களா?"

"இதைவிட நல்லாப் பாக்கணும்னா நான்தான் உள்ள எறங்கிப் பாக்கணும், வெர்னா."

சனிக்கிழமை வெர்னாவே பட்டனைத் தேய்த்து, வாரி, கணுக்கால் கட்டுகளைப் போட்டாள். நிக் போட்ட அளவுக்கு நேராக வரவில்லை, இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள். சேணம் போடுகிற இடத்தில் பெரினிடம் சொன்னாள். "வெளிப்பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிடு. சுத்து அதிகமானாலும் பரவால்ல. ஒரு பொட்டு மண்ணு அவ மேல படக்கூடாது."

"அவ பின்னால இருந்து வர்ற குதிரையாச்சே?"

"சொன்னதைச் செய்." பின்னாலேயே வை என்று நிக் சொல்லியிருக்கிறான் அல்லவா, அப்படியென்றால் வைக்கக்கூடாது. அவ்வளவுதான் அவளுடைய கணக்கு.

பெரின் தலைக்கவசத்தின் மேல் கண்ணாடிகளைச் சரி செய்தான். ரப்பர் தளத்தில் ஒன்று போதும். இன்றைக்கு நாலு, ஒன்றன்மேல் ஒன்றாக. ஒன்று மண்ணடைந்தால் கழுத்துக்கு இழுத்துவிட்டு அடுத்ததில் பார்க்கலாம்.

கிளெய்ம் பெட்டி இருக்கிற அலுவலகப் பக்கமிருந்து ஹாய்ட் வருவதை வெர்னா பார்த்தாள். தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தான். பத்துக் குதிரை ஓடுகிறது, யாருக்காகவோ போயிருப்பான், இருபத்தைந்து நீளத்துக்கு எவன் எழுதுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கதவு திறந்தது. பட்டன் மெதுவாகக் கிளம்பினாள், வழக்கம்போல. பெரின் அவளை வெளிப்பக்கம் இழுக்கப் பார்த்தான். அதற்குள் இரண்டு குதிரைகள் வந்து அந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டன. உள்பக்கம் வேலி, முன்னால் ஐந்து குதிரைகளின் பின்பக்கம். போக வழியில்லை. முதல் வளைவில் மண் எழுந்து வந்தது. வெர்னா வேலியை இறுக்கிப் பிடித்தாள்.

"தலையைத் தூக்கப்போறா," என்றாள் வாய்விட்டு. "இதோ தூக்கப்போறா. போச்சு. எல்லாம் போச்சு."

பட்டன் தலையைத் தூக்கவில்லை, தாழ்த்தினாள். மண் அடிக்க அடிக்கக் கழுத்தை முன்னால் நீட்டினாள். முன்னே போகிற குதிரைகள் வீசுகிற மண் அவளை விரட்டவில்லை, வா வா என்று கூப்பிடுவதுபோல இருந்தது. கடைசி வளைவில் முன்னால் இரண்டு குதிரைகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டது. மண் அங்கேதான் அதிகமாகக் கொட்டியது. அங்கேதான் நுழைந்தாள். ஒரு கழுத்து வித்தியாசத்தில் பட்டன் முதலாவதாக வந்தாள்.

அழுகிற வழக்கமில்லாதவள் அழுதாள். மூக்கைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு தளத்துக்கு ஓடினாள். பட்டன் தலையிலிருந்து மார்வரை ஒரே பழுப்பு. நெற்றிப் பொத்தானைக் காணவில்லை. பெரின் மூன்று கண்ணாடி கழுத்தில் தொங்க, பல் மட்டும் வெள்ளையாகச் சிரித்தான்.

"என்ன பழக்கி வெச்சிருக்கீங்க வெர்னா இவளை? மண்ணு மூஞ்சில பட்டா வாயைத் தொறக்கறா! நாக்கை நீட்டிக்கிட்டு, குடு குடுன்னு கேக்கறா. நான் ஓட்டவே இல்ல, எதையோ திங்கறதுக்காக அவளாப் போறா."

வெர்னா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பெட்டி மூலையில் ஒதுங்கிக் கிடந்த சிவப்பு வெள்ளைக் காகிதங்கள் ஞாபகம் வந்தன. முன்னால் நீண்ட இடது கை ஞாபகம் வந்தது. அந்தக் கையில் என்ன இருந்தது என்று அவள் கேட்கவே இல்லை.

ஜெயித்தவர்கள் படம் எடுத்துக்கொள்கிற இடத்தில் அவள் எப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. படம் முடிந்தது. பெரின் இறங்கினான். மைதானத்து ஆள் ஒருவர் வந்து, விலைபோன குதிரைக்கு மாட்டுகிற சிவப்பு அட்டையைப் பட்டனின் கடிவாளத்தில் மாட்டினார். வெர்னாவைப் பார்க்காத மாதிரி மாட்டினார்.

"யாரு?" என்றாள் வெர்னா. கேட்கவேண்டியதே இல்லை.

ஹாய்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நிக் சொன்னான்," என்றாள் அவள். "சொல்லு, அவன்தானே சொன்னான்?" ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற குரல் அது.

"அவனா? மூணு நாளா அவன்கிட்டேர்ந்து ஒரு வார்த்தை புடுங்கறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துபோச்சு. சாப்பிடறா, தூங்கறா. இதையே திருப்பித் திருப்பிச் சொல்றான்." ஹாய்ட் தொண்டையைச் செருமினான். "நீதான் சொன்ன, வெர்னா. பத்து நாளா மண்ணடிச்சும் தலையைக்கூட ஆட்டாம நிக்கிறான்னு லாயமே அதிர்ற மாதிரி கத்துனியே. அப்பவே நான் சீட்டை எழுதிட்டேன்."

இரண்டு பூட்டுப் போட்டவள், வாயைப் பூட்டவில்லை.

விற்றுப்போன குதிரையின் கடிவாளம் பழைய லாயத்துக்குச் சொந்தம். பழைய ஆள் கழற்றவேண்டும், புதிய ஆள் தன் தலைக்கயிற்றை மாட்டவேண்டும். மாட்ட வந்தவன் நிக். ஹாய்டின் பச்சைக் கயிறு அவன் தோளில் கிடந்தது. வெர்னாவுக்கு உதவ ஆள் கிடையாது, அவளே கழற்றினாள். கொக்கி விரலுக்கு அகப்படாமல் வழுக்கியது.

பட்டன் நிக்கைப் பார்த்ததும் மண் அப்பிய மூஞ்சியை அவன் கைக்குள் திணித்தாள், வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள். நிக் சங்கடத்தோடு ஹாய்டைப் பார்த்தான், வெர்னாவைப் பார்த்தான், பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தான்.

"ஒரு பிடி மண்ணு, ஒரு மிட்டாய்," என்றான், மெதுவாக. "எங்க ஊர்ல பட்டாசுக்குப் பயப்படற கோவேறு கழுதைக்கு இப்படித்தான் பண்ணுவோம். சத்தம், உடனே வெல்லம். சொன்னா நீங்க விட்டிருக்க மாட்டீங்க, பாஸ். ஜெயிச்சப்பறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"நான் தப்புப் பண்ணிட்டேன், நிக்."

"ஆமா, பாஸ்."

அவன் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னான். பச்சைக் கயிற்றை மாட்டினான். வெர்னாவுக்கு என்னென்னவோ சொல்லவேண்டும்போல இருந்தது. இத்தனை வருஷத்து விஷயம், எங்கே ஆரம்பிப்பது?

"எடது காதுல கை வெச்சா அவளுக்கு..."

"தெரியும், பாஸ்."

"இடி இடிச்சா ரேடியோவை..."

"தெரியும்."

"நிக், வா," என்றான் ஹாய்ட். நிக் கயிற்றை இழுக்கக்கூட இல்லை, மிட்டாய் இருக்கிற சட்டைப்பையோடு முன்னால் நடந்தான். பட்டன் கூடவே போனாள். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்று வெர்னா நின்றாள். வாயில் மிட்டாய் இருந்தது, அவள் பார்க்கவில்லை.

மாலையில் ஒதுக்கீட்டு அதிகாரி லாயத்துப் பக்கம் வந்தார். ஜெயிப்புக்கு வாழ்த்துச் சொல்லி, நாலு பெட்டியையும் அவளே வைத்துக்கொள்ளலாம் என்றார். வெர்னா நன்றி சொன்னாள். மூன்று குதிரைக்குத் தீவனம் போட்டாள். நாலாவது வாளியையும் பழக்கத்தில் நிரப்பிவிட்டு, திரும்பக் கொட்டினாள். கடிவாளத்தைத் தண்ணீர்க் குழாயில் காட்டினாள். பழுப்பு மண் கரைந்து ஓடுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு தீவன அறையைப் பூட்டினாள். நாலு அடி நடந்தாள், திரும்பி வந்தாள், இழுத்துப் பார்த்தாள். பூட்டு இரண்டும் பத்திரமாக இருந்தன.